வைக்கோற்கூரை வீட்டின் உரிமையாளர்

1

பழைய வீடு ஒன்றை அளக்கப் போகும்போது என் பையில் இருப்பவை: அறுபத்தாறு அடி துணி நாடா ஒன்று, மடக்கும் அளவுகோல் ஒன்று, சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு, சின்ன டார்ச், கம்பளி பின்னும் ஊசி ஒன்று, மரம் உளுத்திருக்கிறதா என்று குத்திப் பார்க்க, தலையில் கட்ட ஒரு துணி, ஏனென்றால் கூரைக்குள் ஏறினால் பல காலத்து ஒட்டடை தலையில்தான் விழும், இரண்டு பென்சில், அலுவலகப் படிவம். சேலையோடு ஏணி ஏற முடியாது என்பதால் அந்த நாட்களில் மட்டும் காற்சட்டை. ஊருக்கு நான் அனுப்பும் எந்தப் புகைப்படத்திலும் அந்தக் காற்சட்டை இருக்காது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவளுக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். ஹட்டனில் பள்ளிக்கூடம். பிறகு அங்கேயே, தேயிலை ஆலைகளான ஸ்டோர்களுக்கு இயந்திரம் பொருத்தும் ஒரு கம்பெனியின் வரைபட அறையில் மூன்று ஆண்டுகள். பிறகு கல்யாணம். கணவருக்கு இங்கே, ஆங்கிலேயர் நாட்டில், தேயிலை கலக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை கிடைத்ததால் பயணம். இங்கே வந்து மாலை வகுப்பில் கட்டடக்கலை வரைதல். இப்போது ஒரு கிராமப்புற மாவட்டத்தின் கட்டட அலுவலகத்தில் வரைவாளர். இருநூறு, முந்நூறு ஆண்டுப் பழைய வீடுகளை அளந்து வரைந்து மேலே அனுப்புகிறோம். மேலே இருப்பவர்கள், காப்பாற்ற வேண்டிய வீடுகளின் பட்டியல் ஒன்று போடுகிறார்கள். அதில் ஏறிவிட்ட வீட்டை அதன் உரிமையாளரே விரும்பினாலும் அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது.

நாங்கள் கப்பலிறங்கி ஐந்து ஆண்டுகள் முடிந்த வாரம் அது. திங்கட்கிழமை காலை ஆல்பர்ட் என்ற முதியவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் எங்கள் அலுவலக முத்திரையிட்ட கடிதம் ஒன்றை வைத்தார்.

அவர் பேசும் ஆங்கிலம் புத்தகத்து ஆங்கிலம் அல்ல. பட்டணத்துக்காரர்கள் கேட்டுச் சிரிக்கும் நாட்டுப்புறப் பேச்சு. எனக்கு அது எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பேச்சாகவே காதில் விழும். ஆகவே அப்படியே எழுதுகிறேன். எந்தப் பெண்ணையும் இந்தப் பக்கத்துக் கிழவர்கள் ஒரு செல்லச் சொல்லால் அழைப்பார்கள். அதற்கு எங்களிடம் 'புள்ள' என்பதுதான் சரியான சொல்.

"நான் இருக்கிற வீடு எனக்கே சொந்தம்னு இதுல போட்டிருக்கு. எழுதின ஆளு யாருன்னு தெரியணும். கை குடுக்கணும்" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"நீயா புள்ள? கையைக் குடு." குலுக்கினார். பிறகு என் கையை விடாமலே கேட்டார். "சரி. இப்ப நான் எங்க போயி இருக்கிறது? அதையும் நீயே சொல்லிடு."

2

அவர் வீட்டை நான் அளந்தது ஏப்ரலில்.

ஒரு சரிவின் அடியில், வயலுக்கும் பாதைக்கும் நடுவில் இருந்தது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, நடுவில் செங்கல் புகைபோக்கி. அந்தப் புகைபோக்கி, எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் காம்பராவில் பாதி அகலம். அதன் ஒரு பக்கத்தில் ஆள் உட்காரக்கூடிய அடுப்பு மாடம், மறுபக்கத்தில் ரொட்டி சுடும் குழி, பின்பக்கத்தைச் சுற்றி வளைந்து ஏறும் மரப்படி. குளிருக்குப் பயந்தவர்கள் எல்லாவற்றையும் நெருப்பைச் சுற்றி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கூரை வைக்கோல், ஓரடிக்கு மேல் கனம். மாடி ஜன்னல்களுக்கு மேலே அதைப் புருவம்போல வளைத்து வெட்டியிருந்தார்கள். சுவருக்கு வெளிறிய ரோஜா நிறச் சுண்ணாம்பு, நடுநடுவே கறுத்த மரச் சட்டங்கள். வாசலில் ரோஜாக்கொடி. வாசலின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். என் மேலதிகாரி குனிந்து போனார், நான் நிமிர்ந்தே போனேன். இந்த நாட்டில் எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் கிடைத்த முதல் பொருள் அந்த வாசல்.

அந்த வீட்டுக்கு எலும்பு ஓக் மரச் சட்டம். சட்டத்தின் கட்டங்களுக்குள் குச்சிகளைப் பாய் மாதிரிப் பின்னி, இரண்டு பக்கமும் களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் மாட்டுச் சாணமும் குழைத்து அப்பியிருக்கிறார்கள். மாலை வகுப்பில் இதை முதன்முதல் படித்தபோது அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். துரைமார் தேசத்தில் சாணிச் சுவர்.

மாடியில் ஒரு மூலையில் காரை உதிர்ந்து உள்மண் தெரிந்தது. மேலதிகாரி வீட்டுத் தோட்டத்தை அளக்கப் போயிருந்தார். நான் ஒரு துண்டை எடுத்து, விரல் நுனியை எச்சிலால் நனைத்து அதில் தேய்த்து முகர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா காம்பராவை உள்ளிருந்து மெழுகிக்கொண்டே வாசலுக்கு வருவாள். அதுவரை நாங்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். தரை காயும் முன் கால் வைத்தவனுக்கு அடி. அந்த மணம் வந்தது. உண்மையில் வந்ததா, எனக்கு வேண்டியிருந்ததால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அளக்க முடியாதவற்றைக் குறிப்பேட்டில் எழுதக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி.

மரங்கள் சேரும் இடத்தில் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. அந்தக் காலத்துத் தச்சர்கள் சட்டம் முழுவதையும் முற்றத்தில் தரையில் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு எண் கீறி, பிரித்து எடுத்துப் போய் நிறுத்துவார்கள். என் அப்பாவும் தச்சர்தான். அவர் ஜன்னல் செய்யும்போது சட்டங்களின் ஓரத்தில் இதே மாதிரிக் கோடு கீறுவார். நான் அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டிருந்ததை ஆல்பர்ட் படியில் நின்று பார்த்தார்.

"என்ன புள்ள அப்படித் தடவுற? ஆட்டுக்குட்டியா அது?"

"நல்ல வேலைப்பாடு, சார்."

"சார்ங்கிற. குதிரைக்காரனை யாராச்சும் சார்னு கூப்பிடுவாங்களா? ரெண்டு குதிரையைக் கட்டி ஏர் ஓட்டின ஆளு நான். குதிரைங்ககூட என்னை சார்னு கூப்பிட்டதில்ல."

"எத்தனை வருஷமா இருக்கீங்க இங்க?"

"நாப்பத்தோரு வருஷம். கலியாணத்தன்னிக்கு வந்தது. மூணு புள்ளைங்க இந்த ரூம்லதான் பொறந்துச்சு. அவ கண்ணை மூடினதும் இதே ரூம்லதான்." படியில் இறங்கத் தொடங்கினார். "கீழ வா. தேத்தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன். ஒங்க ஊரு எல தானே? எப்படி இருக்குன்னு குடிச்சுச் சொல்லு."

இலை தூள் ரகம். கொதிக்காத தண்ணீரில் போட்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன்.

படிவத்தை அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். இடம். கட்டிய காலம், உத்தேசமாக. சுவர். கூரை. தளம். இப்போதைய நிலை. உரிமையாளர். குடியிருப்பவர். உரிமையாளர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். குடியிருப்பவர் என்ற கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை.

3

ஏன் கேட்கவில்லை என்பதற்கு எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது மேட்டு உச்சியில் இருந்தது. செங்குத்தான கூரை, இரண்டு புகைபோக்கி, வாசலில் ரோஜாக்கொடி, வெள்ளைச் சுவரில் கறுத்த மரச் சட்டங்கள். நுவரெலியாவுக்குப் போனவர்கள் இந்த மாதிரி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சட்டங்களுக்குத் தார் பூசுவது அப்பாவின் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருமுறை தார் வாளி தூக்கிக்கொண்டு கூடப் போனேன். சட்டம் ஒன்று ஆணி கழன்று ஆடியது. அப்பா அதை நெம்பி எடுத்தார். அதன் பின்னால் வெறும் சாந்துச் சுவர். சட்டம் என்று நான் நினைத்தது ஓரங்குலப் பலகை.

"அப்பா, இது சுவரைத் தாங்கலையா?"

"இதாவது தாங்கறதாவது. சுவருதான் இதைத் தாங்குது."

"அப்ப எதுக்கு இது?"

"தொரைக்கு ஊரு ஞாபகம். நமக்கு வருஷா வருஷம் தார் வேல."

வீட்டில் போய்ச் சொன்னபோது அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "நமக்கு ஊரு ஞாபகம் வந்தா அழுவுறோம். அவுங்க பலகை அடிச்சுக்கிறாங்க. வசதி உள்ளவங்க."

உலகப் போர் நடந்த காலத்தில் எங்கள் துரையின் நண்பர் ஒருவர் நுவரெலியாவில் இதே மாதிரி ஒரு வீடு கட்டினார். அப்பாவைப் பதினொரு மாதம் இரவல் கொடுத்தார்கள். அந்தப் பதினொரு மாதமும் அப்பா சுவரில் பலகை அடித்தார். தோட்டத்துப் பேரேட்டில் அந்த மாதங்களில் அவர் பெயர் இல்லை. நுவரெலியாவில் வேலை செய்ததற்கு எவரும் தாள் கொடுக்கவும் இல்லை, அப்பா கேட்கவும் இல்லை.

பிறகு பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்தன. எல்லோரும் மனுப் போட்டார்கள்; அந்த நாட்டிலேயே இடைவிடாமல் இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டும். விசாரணைக்கு அப்பாவோடு நானும் போனேன். அதிகாரி சிங்களத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார்.

"இந்த ஒரு வருஷம் எங்க இருந்தீங்கன்னு கேக்கிறாங்க. இந்தியாவுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"இல்லைங்க. நுவரெலியாவுலதாங்க. வீடு கட்டிக்கிட்டிருந்தேன்."

"அதுக்குத் தாளு?"

"வீடு இருக்குங்களே. நானுஓயாவுலேருந்து போற பாதையிலேயே தெரியும். வந்து பாக்கலாம்."

மொழிபெயர்த்தவர் நல்ல மனிதர். அதை அதிகாரியிடம் சொல்லவேயில்லை. "வீடு வந்து சாட்சி சொல்லாதுண்ணே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மனு தள்ளுபடியானது.

எனக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது கணவர் வழியில். அவர்கள் குடும்பத்தின் மனு ஏற்கப்பட்டிருந்தது. அப்பா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். காம்பராவில் அவரும் அம்மாவும் இருப்பது தம்பியின் பெயர் தோட்டத்தில் பதிந்திருப்பதால். தம்பி வேலையை விட்டால் காம்பராவும் போகும். இது தெரிந்துதான் தம்பி கொழும்பில் கிடைத்த வேலைக்குப் போகவில்லை. இப்போது கொழும்பிலும் இந்தியாவிலும் இருக்கும் இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. எந்தப் பங்கில் வருவோம் என்று தெரியாது என அப்பா போன கடிதத்தில் எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வரியில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் படி உடைந்து தாமே சரிசெய்ததாக எழுதியிருந்தார்.

ஒருவர் குடியிருப்பதும் அவருக்கு அந்த இடம் சொந்தமாக இருப்பதும் வேறு வேறு என்பதைத் தாய்ப்பாலோடு குடித்தவள் நான். இருந்தும் ஆல்பர்ட்டிடம் கேட்கவில்லை. எங்கள் மலையில் வீட்டின் வடிவத்தைப் பார்த்தால் போதும். தகரம் போட்டு நீளமாக இருந்தால் உள்ளே இருப்பவர் யார், அவருக்கு என்ன உரிமை என்று தெரியும். கூரை கூராக இருந்து, கறுத்த சட்டமும் ரோஜாக்கொடியும் இருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். கண் அப்படிப் பழகிவிட்டது. ஆல்பர்ட் தம்மைக் குதிரைக்காரர் என்று சொன்னபோதும் என் காது கண்ணின் பேச்சைத்தான் கேட்டது.

4

இடையில் மகளைப் பற்றி ஒரு குறிப்பு. மாலாவுக்கு ஐந்து வயது. பள்ளியில் வீடு வரையச் சொன்னார்களாம். கூரான கூரை, நான்கு ஜன்னல், புகைபோக்கி, புகை, வாசலில் பூ. நாங்கள் இருப்பது ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில்.

"தாத்தா வீட்டை வரை, பார்ப்போம்" என்றேன்.

அதே வீட்டை இன்னொரு முறை வரைந்து பக்கத்தில் ஒரு யானையை நிறுத்தினாள்.

"தாத்தா வீட்டுக்கு மேல் அறை இல்லடா. ஒரே ஒரு அறை. பக்கத்திலேயே இன்னொருத்தர் அறை, அதுக்குப் பக்கத்தில் இன்னொருத்தர். இப்படிப் பன்னிரண்டு. எல்லாத்துக்கும் ஒரே கூரை."

யோசித்தாள். "Train-ஆ அம்மா?" என்று கேட்க வாயெடுத்து, நான் ஆங்கிலம் கலந்தால் முறைப்பேன் என்று ஞாபகம் வந்து, "ரயிலா?" என்றாள்.

"ரயில் மாதிரிதான். ஆனா போகாது."

"எல்லாரும் டிக்கெட் வாங்கிட்டாங்களா?"

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "அதைத்தாம்மா ரெண்டு கவர்மெண்டும் இப்ப விசாரிக்குது."

5

திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். ஆல்பர்ட்டை உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டேன்.

வீடு பண்ணைக்குச் சொந்தம். இந்த நாட்டில் பண்ணை வேலைக்காரருக்கு வீடு வேலையோடு வரும். வேலை நின்றால் வீட்டை விட வேண்டும். ஆல்பர்ட் வேலையிலிருந்து நின்று ஐந்து ஆண்டுகள். பழைய முதலாளி, "நீ கடைசிவரைக்கும் இரு" என்று வாயால் சொல்லியிருந்தார். அவர் இறந்து மகன் கோல் பொறுப்பேற்ற பிறகும் எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்தச் சமயத்தில், 'உரிமையாளர்' ஆல்பர்ட்டுக்கு, அவருடைய வீடு பட்டியலில் ஏறியிருப்பதாக எங்கள் கடிதம் போயிருக்கிறது.

"எனக்குச் சிரிப்புத் தாங்கல. நேரா பண்ணைக்குப் போயி, 'பாருங்கய்யா, நானும் ஜமீன்தார் ஆயிட்டேன்'னு எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. எங்கப்பா எடங்குடுத்ததுக்கு என் வீட்டையே ஒன் பேர்ல எழுதி வெச்சிட்டியான்னு கேட்டாரு. செப்டம்பர் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"நீங்க எழுதலைன்னு சொல்லலையா?"

"சொன்னேன். கவர்ன்மெண்டு சும்மா எழுதுமான்னு கேட்டாரு."

மேலதிகாரியிடம் போய்த் தவறு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தைத் திருத்தி, சரியான உரிமையாளருக்கு மன்னிப்போடு புதிய கடிதம் அனுப்பலாம் என்றார். அந்த முதியவர் எங்கே இருப்பார் என்பது எங்கள் அலுவலகத்தின் விஷயமில்லை என்றார். "கவலைப்படாதீர்கள், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்றார்.

அது உண்மை. மூட்டுகளில் கீறிய கோடுகளையும் சாணி மண்ணையும் இனி எவரும் தொட முடியாது. ஆல்பர்ட்டைத் தொடலாம்.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் இன்னொன்றும் எனக்குத் தெளிவானது. நான் இதுவரை அளந்த முப்பத்தெட்டு வீடுகளில் குடியிருந்தவர்களின் தொழிலை மனத்தில் எழுதிப் பார்த்தேன். மாடு மேய்த்தவர். வேலி கட்டியவர். சாலைக்குக் கல் உடைத்தவர். இந்தக் கூரைகளும் இந்தத் தாழ்ந்த வாசல்களும் இந்த நாட்டு லயங்கள். ஊர் ஞாபகத்துக்காக எங்கள் மலைகளில் துரைமார் கட்டிக்கொண்டது தங்கள் ஊர்த் துரை வீட்டையல்ல, தங்கள் ஊர்க் குதிரைக்காரர் வீட்டை. அதை ஆறு மடங்கு பெரிதாக்கி மேட்டில் வைத்தார்கள். குதிரைக்காரரை மட்டும் உள்ளே வைக்கவில்லை.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பங்களாவைப் பாத்தா கும்பிடுற பழக்கம் ஒனக்குக் கடல் தாண்டியும் போகல" என்றார். பிறகு, "சனிக்கிழமை நான் மாலாவைப் பாத்துக்கிறேன். நீ போயி அந்தப் பண்ணைக்காரரைப் பாரு" என்றார்.

கோலின் வீடு பெரிய செங்கல் வீடு. பழையதல்ல, அளக்கத் தகுந்ததல்ல. சமையலறை வாசலில் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. அவர் சேற்றுப் பூட்ஸோடு மேசையருகே உட்கார்ந்திருந்தார், எதிர் நாற்காலியைக் காட்டினார். நாற்பது வயது இருக்கும். தவறு ஆல்பர்ட்டுடையதல்ல, என்னுடையது என்று சொன்னேன்.

"ஒரு குதிரைக்காரனுக்குச் சொந்த வீடு இருக்கும்னு எப்படி நெனச்சீங்க?" கோபத்தைவிட வியப்புதான் அதில் இருந்தது.

"எங்க ஊரில் அந்த மாதிரி வீட்டில் தோட்டத்துத் துரைதான் இருப்பார், சார்."

"அந்த வீட்டுலயா? துரையா?"

"அதைவிடப் பெரிசு. ஆனா அதே ரோஜாக்கொடி, அதே கறுப்பு மரம். மரம் மட்டும் பொய் மரம். பலகையை ஆணியால் அடிச்சது. எங்கப்பா அடிச்சது."

முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "என் அம்மா அந்த வீட்டைக் கோழிக்கூடுன்னுதான் சொல்லுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. அந்தக் கெழவன் ஊர் முன்னாடி படிச்சதுதான் எனக்கு எரிச்சல். இருந்துட்டுப் போகட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன?"

"எழுதித் தரணும், சார்."

"என் வார்த்தை போதாதா?"

"உங்கப்பா குடுத்த வார்த்தை உங்ககிட்ட வந்து சேரலையே, சார்."

அதைச் சொல்லிவிட்டு என் உள்ளங்கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் துரையிடம் இப்படிப் பேசியவர்களின் பெயர் மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் கூப்பிடப்படாது. கோல் மேசையிலிருந்த பேனாவை என் பக்கம் உருட்டினார். "எழுதுங்க. கையெழுத்து உங்களுது நல்லா இருக்கும்னு தெரியுது" என்றார்.

குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைப் பிரித்து, வரைபடத்துக்கு எழுதும் அச்செழுத்தில் மூன்று வரிகள் எழுதினேன். ஒன்று, இன்ன வீட்டில் ஆல்பர்ட் குடியிருக்கலாம். இரண்டு, அவர் ஆயுள் உள்ளவரை. மூன்று, பண்ணை யார் கைக்கு மாறினாலும் இது செல்லும். கோல் மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"எனக்கப்புறம் என் மகனும் இதைக் கேக்கணுமா?"

"ஆமாம், சார்."

"அம்பது வருஷம் இருக்கப் போறானா அந்தக் கெழவன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்தில் இந்தத் தாள் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. மேலதிகாரியிடம் இதுவரை காட்டவில்லை.

6

தாளை எடுத்துக்கொண்டு வயல் ஓரமாக நடந்து ஆல்பர்ட்டின் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். மூன்றாவது முறை உதடு அசையாமல் படித்தார்.

"கையெழுத்து அவருதுதான். அந்த வாலை அவங்க அப்பா மாதிரியே இழுக்கிறாரு" என்றார். எழுந்து போய் அடுப்பை ஒருமுறை கிளறிவிட்டு வந்து உட்கார்ந்தார். வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"ஒங்கப்பாவுக்கு என்ன வேல புள்ள?"

"தச்சு வேலை. தேயிலைத் தோட்டத்தில். இப்போ நின்னுட்டாங்க."

"வீடு?"

"தோட்டத்து வீடு."

"வேலையோட வர்றதா?"

"ஆமாம்."

"எத்தன வருஷம்?"

"என் தாத்தா காலத்திலிருந்து. அதே லயம், அதே காம்பரா."

"அப்ப இது மாதிரி ஒரு தாளு இருக்குமே அவருகிட்ட?"

"இல்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாளை மேசை மேல் என் பக்கமாக நகர்த்தினார். "அப்ப இதைப் பாத்து இன்னொண்ணு எழுதிக்க. பேரை மட்டும் மாத்தினாப் போதும்ல? மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு." தொடையில் தட்டிக்கொண்டார். "எழுது, எழுது. இப்பவே எழுதித் தபால்ல போடு. பாதையிலேயே பெட்டி இருக்கு."

அவருக்கு விளக்க நினைத்தேன். எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். அவர் மைக்கூட்டை எடுத்து வந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டார். ஆகவே எழுதினேன்.

முதல் வரியில் அப்பாவின் பெயர். அம்மாவின் பெயரையும் சேர்த்தேன். லயத்தின் எண், காம்பராவின் எண், தோட்டம், லிந்துலை. இரண்டாவது வரியில், ஆயுள் உள்ளவரை. மூன்றாவது வரியில், தோட்டம் யார் கைக்கு மாறினாலும், என்று எழுதிவிட்டு, நாடு யார் கைக்கு மாறினாலும் என்றும் சேர்த்தேன். கீழே அளவுகோலை வைத்து நான்கு அங்குலத்தில் ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு அடியில் கையெழுத்திட வேண்டியவரின் பெயரை எழுத வேண்டும்.

பழைய துரை போய்விட்டார். புதிய துரைக்கு மேலே கொழும்பில் ஒரு கம்பெனி இருக்கிறது. அதற்கு மேலே லண்டனில் ஒரு கம்பெனி. அவர்களுக்கெல்லாம் மேலே, எங்களைப் பங்கிடும் இரண்டு அரசாங்கங்கள்.

"யாரு போடணும் கையெழுத்து?" என்று கேட்டார் ஆல்பர்ட்.

"தெரியலை."

"அங்கயும் ஒரு ஆளு இருப்பாருல்ல. வீட்டுக்குச் சொந்தக்காரரு."

"இருப்பாங்க."

"அப்ப யோசி. அவசரம் இல்ல. தபால் எடுக்க இன்னும் நேரம் இருக்கு."

அவர் எதிரே உட்கார்ந்து, கைகளை மேசை மேல் வைத்துக்கொண்டு, நான் அந்தப் பெயரை எழுதுவதற்காகக் காத்திருந்தார்.